பெயரில்லாத ஏழாவது வரி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பூஜ்யத்திலிருந்து பிறந்தது. அந்தப் பூஜ்யத்தைப் போட்டவள் நான்.

அமெரிக்காவில் நகீசிப் பக்கம் எரிவாயுக் கிணறுகள் வைத்திருக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக எனக்கு ஒரே வேலைதான். அரசாங்க நிலத்திலும் நவஹோ பழங்குடிக் குடும்பங்களின் நிலத்திலும் இருக்கிற ஒவ்வொரு கிணறும் போன மாதம் எவ்வளவு வாயு கொடுத்தது என்று அரசாங்கத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். நிலத்துக்காரர்களுக்கு ராயல்டி போவது அதை வைத்துத்தான். குத்தகை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதும் அதை வைத்துத்தான். அந்த அறிக்கையில் காலியிடம் விடக்கூடாது. விட்டால் கணினி திருப்பி அனுப்பிவிடும். பூஜ்யம் போட்டால் சமர்த்தாக வாங்கிக்கொள்ளும்.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

2.

இந்தக் கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம் இது:

‘நிலத்துக்காரர் இறந்த அன்று அவருடைய கிணறும் நின்றுபோனது. பனி பெய்துகொண்டிருந்தது. பம்பின் தலை பாதியில்...’

(விட்டுவிட்டேன். அழகாக இருக்கிறது, இல்லையா? அவர் இறந்ததைத் தவிர அத்தனையும் பொய்.)

இந்தப் பக்கத்தில் கிணறுகளுக்கு நிலத்துக்காரர் பெயரையே வைப்பது வழக்கம். பெயர், பக்கத்தில் ஓர் எண். அவருடைய கிணற்றுக்கும் அவர் பெயர்தான். அவரை எனக்கு நன்றாகத் தெரியும். மாதம் ஒரு தடவை அலுவலகத்துக்கு வருவார். காப்பித் தூள் டப்பா நிறைய வறுத்த பின்யோன் பைன்மரக் கொட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பார். “என் கிணறு இந்த மாசம் என்ன பேசுச்சு?” என்று கேட்பார். நான் அறிக்கையின் நகலைக் கொடுப்பேன். கொட்டையைக் கடித்துக்கொண்டே விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகப் படிப்பார். அவர் அளவுக்கு என் எழுத்தை ஊன்றிப் படித்தவர் யாரும் கிடையாது. என் கதைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அக்டோபரில், மலையில் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழுந்திருக்கவில்லை.

நவம்பர் மாதக் கணக்குத் தாள் வந்தது. கிணறுகளைச் சுற்றிப்பார்த்து அளவு குறிக்கிறவள் எழுதிக் கொடுக்கும் தாள். அதில் அவர் கிணற்றின் பெயரைக் காணோம். ஏழாவது வரியில் பெயர்க் கட்டம் காலி. பக்கத்தில் என்னவோ எண்கள் இருந்தன. பெயரில்லாத வரியைக் கணினி ஏற்கவில்லை.

என்ன ஆகியிருக்கும் என்று நான் அவளைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு போன் போதும். கேட்கவில்லை. ஆள் போனார், கிணறும் நின்றது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஏனென்றால் எனக்கு அது அழகாகப் பட்டது. ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது, அரைத்தூக்கத்தில் கண்ணில் நீர் முட்ட, அவர் கிணற்றுக்குப் பூஜ்யம் போட்டேன். டிசம்பருக்கும் போட்டேன். ஜனவரிக்கும் போட்டேன். கதை எழுதுகிறவளை அறிக்கை எழுத உட்கார வைத்தால் இப்படித்தான் ஆகும்.

3.

அளவு குறிக்கிறவள் பெயர் டெல்ஃபீன். ஐம்பத்தாறு வயது. பன்னிரண்டு கிணறுகள் அவள் பொறுப்பில். இறந்தவரின் அக்கா.

(டெல்ஃபீன் என்னிடம் பேசுவது பாதி ஆங்கிலம், பாதி நவஹோ. என் காதில் விழும்போது அது தமிழாகிவிடுகிறது. நான் என்ன செய்ய?)

மார்ச் முதல் வாரம், பூட்ஸில் பனிச் சேற்றோடு நேராக உள்ளே வந்தாள்.

“தங்கச்சி, எந்திரி. இதப் படி.”

அவள் தம்பி மனைவி ரொவீனாவுக்கு வந்திருந்த கடிதம். மூன்று மாதமாக உற்பத்தி இல்லாததால் குத்தகை முடிந்ததாகக் கருதப்படும், ஆட்சேபம் இருந்தால் இந்த மாத இறுதிக்குள் தெரிவிக்கவும், இல்லாவிட்டால் கிணறு சிமெண்ட் போட்டு மூடப்படும்.

கிணறு மூடினால் ராயல்டி நிற்கும், அது ஒரு பக்கம். இன்னொன்று இருக்கிறது. அந்தக் குத்தகையில் ஒரு பழைய நிபந்தனை: கிணறு ஓடும்வரை நிலத்துக்காரர் வீட்டு அடுப்புக்கும் குளிருக்கும் வாயு இலவசம். கிணற்றிலிருந்து ஒரு சின்னக் குழாய் நேராக ரொவீனாவின் வீட்டுக்குப் போகிறது. அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த நீலத் தீயை நம்பித்தான் இருக்கிறார்கள். வேறு சூடு கிடையாது.

“மூணு மாசமா அது ஒண்ணுமே குடுக்கலையாமே. யாரு சொன்னா?”

“அறிக்கைல அப்படி இருக்கு அக்கா.”

“அறிக்கை தானா எழுதிக்கிச்சா?”

“நான்தான் எழுதினேன்.”

“நீ எப்ப அங்க வந்து பாத்தே?”

“நீங்க தாள்ல பேரே எழுதலையே.”

“நம்பர் எழுதியிருக்கேன்ல? ஏழாவது வரி. பதினோரு வருசமா அது ஏழாவது வரிதான். ஆறுக்குக் கீழ, எட்டுக்கு மேல. பனியில முழங்கால் புதைய நடந்து போயி தினம் அளந்திருக்கேன். நீ பாட்டுக்கு முட்டை போட்டு வெச்சிருக்க!”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் மறக்கவில்லை. எழுத மாட்டாள். இறந்துபோனவர் பெயரை நவஹோ மக்கள் சொல்வதில்லை.

“எல்லாருமா அப்படி இருக்காங்க?” என்று அவளே சொன்னாள். “எங்க சின்னம்மா பசங்க சர்ச்சுல மைக்கப் புடிச்சுக்கிட்டுச் சொல்றாங்க அவன் பேர. அது அவங்க இஷ்டம். நான் மாட்டேன். அவன் போயிட்டிருக்கான், தங்கச்சி. கூப்பிட்டா திரும்பிப் பாப்பான்.”

4.

இந்த இடத்தில் எனக்கு டெல்ஃபீன் மேல் ஒரு சந்தேகம் வந்தது. கதாபாத்திரமாகச் சொல்கிறேன். குழந்தைகள் குளிரில் விறைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் ஒரு பெயரை எழுத மாட்டேன் என்பவளை வாசகர் நம்புவாரா? நீங்கள் நம்புகிறீர்களா?

நம்பாதவர்களுக்காக ஒன்று சொல்கிறேன். திருப்பூரில் ரேஷன் கடை வரிசையில் அம்மாவோடு நிற்பேன். “வீட்டுக்காரர் பேரு?” என்று உள்ளேயிருந்து கேட்பார்கள். அம்மா வாயே திறக்க மாட்டாள். என் முதுகில் ஒரு குத்து விடுவாள். நான் அப்பா பெயரைக் கத்திச் சொல்வேன். அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள், காதிலேயே விழாத மாதிரி. சர்க்கரை கிடைக்கும்.

கிணற்றுக்குத்தான் எண் இருக்கிறதே, எண்ணை எழுதினால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அறிக்கைகளைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் கர்ட்டிஸ் என்று ஒருவர். தங்கமான மனிதர், ஆனால் விதியென்றால் விதி. “மூணு மாசம் பூஜ்யம்னு நீங்களே சொல்லிட்டு, இப்ப இல்லைங்கறீங்க. அளந்தவங்க தன் கையால எழுதித் தரணும். பேரு, நம்பர், தேதி, அளவு. பேர்க் கட்டம் காலியா இருந்தா நான் திருப்பி அனுப்பிடுவேன்” என்றார்.

அவள் எழுதிக் கொடுத்தால் என் தப்பு வெளியே வந்து வேலை போகலாம். பரவாயில்லை. மூன்று மாதமும் தவறு என்னுடையது என்று தனியாக ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டேன். காலியாக இருந்தது அந்த ஒரு கட்டம்தான்.

5.

ஒரு மத்தியானம் மேஜையிலேயே கண் அசந்துவிட்டேன்.

அறிக்கையின் கட்டங்கள் எல்லாம் வீடுகளின் ஜன்னல்களாக இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்ன நீலத் தீ. ஏழாவது ஜன்னல் மட்டும் இருட்டு. அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். டப்பாவைத் திறந்தார். “என்ன பேசுச்சு இந்த மாசம்?” என்றார். அவர் தாளை வாங்கி விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்து ஏழாவது வரியில் நிறுத்தினார். கோபப்படவில்லை. ஒரு கொட்டையை உடைத்து, பருப்பை என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு அழுகை அழுகையாக வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிடலாமா என்று...

(இதற்கு மேல் எழுத மாட்டேன். கனவில்கூட நான் கூப்பிடவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.)

6.

முடிவுகள்.

அ) டெல்ஃபீன் மனம் மாறி, கண்ணீரோடு பெயரை எழுதுகிறாள். பிள்ளைகளின் வீடு சூடாகிறது. (பத்திரிகைக்கு அனுப்பினால் உடனே போடுவார்கள். அவளிடம் வாசித்துக் காட்டினேன். “நான் எப்ப அழுதேன்?” என்றாள்.)

ஆ) கிணற்றின் பெயரையே மாற்றிவிடுவது. அதற்கும் படிவம் உண்டு.

“மாத்திடு” என்றாள் உடனே. “எங்க நாய் பேர வை.”

“நாய் செத்துப்போச்சுன்னா?”

“அதுக்கு இன்னும் வயசிருக்கு. வயசானதும் வேற நாயி.”

ஆனால் பெயர் மாற்ற நான்கு மாதம் ஆகும். மார்ச் முடிய ஒன்பது நாள் இருந்தது.

இ) அவள் கையெழுத்தை நானே போட்டுவிடுவது. பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிற எழுத்துத்தானே. ஒரு தாளில் எழுதியும் பார்த்தேன். அச்சு அசல் அவள் எழுத்து. கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரு பொய்யால்தான் இத்தனையும் வந்தது.

7.

நடந்தது இதுதான்.

மறுபடி கர்ட்டிஸை அழைத்தேன். கை ஒடிந்து எழுத முடியாதவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். “அதுக்கு வழி இருக்கு. இன்னொருத்தர் எழுதலாம். கீழே அளந்தவங்க கையெழுத்துப் போட்டா போதும். காரணம் என்னன்னு நான் கேக்கறதில்ல” என்றார்.

மார்ச் மாதக் கடைசி நாள், நாலு மணி. டெல்ஃபீன் வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

“கை நல்லாத்தான் இருக்கு. ஒடிஞ்சது வேற எடத்துல.”

எண், தேதி, அளவு எல்லாம் அவளே எழுதினாள். தொண்ணூற்றிரண்டு நாள், ஒரு நாள் விடாமல். கீழே கையெழுத்துப் போட்டாள். பெயர்க் கட்டத்தை, அவர்கள் வழக்கப்படி, உதட்டைக் குவித்துச் சுட்டிக்காட்டினாள்.

“நீ எழுது. நீ எங்க ஆளு இல்ல. உனக்கு ஒண்ணும் ஆகாது.”

பத்தொன்பது வருஷம் கழித்து இப்படி ஒரு வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது. அவள் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். தோளில் கை வைத்தாள்.

“அதுக்காகச் சொல்லல. எங்காளுன்னா உன்கிட்ட கேட்டே இருக்க மாட்டேன், போ.”

வெளியே போனாள். ஜன்னல் வழியாகத் தெரிந்தது. லாரியின் மேல் கை வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு முதுகைக் காட்டி, பனி கிடந்த மேட்டைப் பார்த்தபடி நின்றாள். அம்மா ரேஷன் கடையில் நின்ற அதே நிற்பு.

பேனாவை எடுத்தேன். கத்திச் சொல்ல இந்த முறை எனக்கு வரவில்லை. ஒரு பெயரைச் சத்தமில்லாமல் எழுத முடியாது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் மூடியிருந்தாலும் நாக்கு உள்ளே அசைகிறது. அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் நடுவில் நிறுத்தினேன். ஒரு எழுத்து. ஜன்னலுக்கு வெளியே கொஞ்சம் பனி. இன்னொரு எழுத்து. எந்த இடத்திலும் அது ஒரு முழுப் பெயராக என் வாயில் சேராதபடி பார்த்துக்கொண்டேன்.

வெளியே போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“மெதுவா எழுதுனியா?”

“மெதுவாத்தான் அக்கா.”

அவள் லாரியின் மேலிருந்து கையை எடுத்தாள்.

“அப்ப சரி” என்றாள். “கேட்டிருக்காது.”

8.

நாலு ஐம்பதுக்கு அனுப்பிவிட்டேன். பதில் வர அறுபது நாள்வரை ஆகும் என்கிறார்கள். இதை எழுதும்போது இன்னும் வரவில்லை. இன்று காலை ரொவீனா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்பு எரிகிறது. சின்னவள் தன் காலுறைகளை அதன் முன்னால் காயப்போட்டிருந்தாள். கிணறு எப்போதும் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தது.

அவர் போன பிறகு அந்தப் பெயரை என் கையால் ஒரே ஒரு தடவை எழுதினேன். அது அரசாங்கத்திடம் இருக்கிறது. இந்தக் கதையில் எங்குமே இல்லை. வேண்டுமானால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

அதனால் முடிவு உங்களிடம்தான். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார். சொன்னால் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்று நீங்கள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிற ஒரு பெயர். ஏழாவது வரியை உங்களுக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

7. ____________________

எழுதலாம், ஆனால் மெதுவாக. எழுதாமல் அப்படியே காலியாகவும் விடலாம். நான் திருப்பி அனுப்ப மாட்டேன். பூஜ்யம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.