கடைசி நேயர்

எங்களுடையது உலகத்துக்கே பல மொழிகளில் பேசிய அரசு வானொலி. மேலிடம் அந்த மொழிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்தது. தாழ்வாரம் நெடுகப் பூட்டிய கதவுகள். நடந்தால் எதிரொலி கிளம்பி, பின்னால் ஒரு பட்டாளமே வருவது போலிருக்கும். அந்தத் துணைக்காகவே நான் அதிர அதிர நடப்பேன்.

தமிழ்ப் பிரிவில் மிஞ்சியது இரண்டே பேர். அறிவிப்பாளன் நான்; செய்திகளை மொழிபெயர்க்கும் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, ஆனால் கூடப் பிறந்தவளைவிட அதிகம் திட்டியிருக்கிறாள்.

கடைசி ஒலிபரப்பன்று மதியம் அவளிடம் புலம்பினேன். "யாருமே கேக்கலன்னுதான் மூடுறாங்களாம். ஒரே ஒரு ஆள் கேட்டாப் போதும்க்கா, நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவேன்."

"வீட்ல மட்டும் உன் பேச்சைக் கேக்க ஆள் இருக்கா? போ, போய் ஒழுங்கா வாசி."

ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும் தொலைபேசி எண்ணைச் சொல்லி, கேட்பவர்கள் உடனே அழையுங்கள் என்றேன். அங்கே தொலைபேசிக்கு மணி கிடையாது, விளக்குதான் மின்னும். ஒரு பாட்டு போட்டேன். மின்னவில்லை. இன்னொரு பாட்டு. நான் பார்த்த பார்வையில் அந்த பல்பே உருகியிருக்க வேண்டும்.

விடைபெறும் உரையின் நடுவில் மின்னியது. வாசிக்கும்போது போனை எடுத்தால் வேலை போய்விடும். இனி எந்த வேலை? நேயர்களுக்கும் கேட்கும்படி எடுத்தேன்.

"வணக்கம், உங்க நேயர் பேசுறேன்," என்றது மூக்கால் ஒரு பெண்குரல். "தினமும் கேப்பேன். செய்தியெல்லாம் பிரமாதமா எழுதுறாங்க. வாசிக்கிறவர்தான் கொஞ்சம் சொதப்புறார்."

அக்காவேதான்.

"எங்கிருந்தும்மா பேசுறீங்க?"

"ரொம்பத் தூரத்துலருந்து."

பக்கத்து அறைதான். சுவர் வழியாகவும் கேட்டது. "கேட்டதுக்கு நன்றிம்மா" என்று சொல்லிவிட்டு, உரையின் மீதியை வாசித்து முடித்தேன்.

பேருந்து நிறுத்தத்தில், "ஒருத்தங்க கூப்பிட்டாங்கக்கா" என்றேன்.

"அப்படியா! ஆள் எப்படி?"

"தலைக்கனம் பிடிச்ச கிழவி."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பேருந்துதான் முதலில் வந்தது.

இப்போது மதியங்களில் வீடு அமைதியாக இருக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்வேன். அந்த எண்ணுக்கு ஒரே இணைப்புதான். அக்கா பேசிய நேரம் முழுக்க லட்சக்கணக்கான நேயர்கள் விரல் தேய முயன்றிருப்பார்கள், லைன் கிடைத்திருக்காது. அவள் போனை வைத்த பிறகு ஏன் ஒருவரும் அழைக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.