எந்த மங்களூர்?

மதிவதனியின் கார் காணாமல் போனபோது அவளுடைய செல்போனும் அதற்குள்ளேதான் இருந்தது. கார் எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று காட்டுவதற்காகவே அந்தப் போனில் ஒரு செயலியை ஏற்றி வைத்திருந்தாள். திருடன் காரோடு சேர்த்துக் காவல்காரனையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

அது பழைய ஆல்ட்டோ. வெள்ளி நிறம், வலது கதவில் ஒரு நசுங்கல். புதிய கார் வைத்திருப்பவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். ஆனால் மதிவதனி பேரில் ஒரு பொருள் பதிவானது என்றால் அதுதான் முதல். அதற்கு முன்பு பல வருஷம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிள்ளையாருக்குக் காது சுரண்டிச் சுரண்டியே அவளுக்கு விரல் நுனி தேய்ந்துபோனது. பிறகு பட்டறையிலேயே பொம்மை வாங்கிப் பெட்டியில் கட்டி பஸ்ஸில் ஏற்றி நெய்வேலிக்கும் புதுச்சேரிக்கும் கொண்டுபோனாள். நம் ஊர் பஸ்ஸில் மனுஷனே முழுசாக இறங்குவது கஷ்டம், பீங்கான் எந்த மூலைக்கு. பாதி உடைந்துதான் போய்ச் சேரும். அதனால்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள், கார் வாங்கினாள், பின்சீட்டைக் கழற்றி வைக்கோல் பரப்பினாள். அதன் பிறகு எந்தப் பிள்ளையாருக்கும் தும்பிக்கை உடையவில்லை.

இந்த நிலையில்தான் ஊரில் கார் திருட்டு ஆரம்பித்தது. களவு போனவை எல்லாம் இவளுடையதைப் போலச் சாதாரண, பழைய கார்கள். சாவி இல்லாமலே கிளப்பிவிடலாம், பிரித்து விற்றால் உடனே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். பக்கத்துத் தெருவில் ஒன்று போனதும் அவள் புருஷன் கோவிந்தராசு பயந்துவிட்டார். அவர் பட்டறையில் சூளை பார்ப்பவர். நெருப்புக்குப் பயப்படமாட்டார், நஷ்டத்துக்குப் பயப்படுவார். காணாமல் போவதற்குள் விற்றுவிடலாம் என்று புரோக்கர் ஆதிநாராயணனைக் கூட்டிவந்து வண்டியைக் காட்டினார். ஆதிநாராயணன் டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்தபோது மதிவதனிக்குத் தன் காலில் உதைத்ததுபோல் இருந்தது.

காரை விற்றால் திரும்பவும் காது சுரண்டத்தான் போகவேண்டும். அதனால் அவள் ஒரு பேச்சு பேசினாள். காருக்கு என்னென்ன காவல் உண்டோ அத்தனையும் போட்டுவிடுகிறேன், அதற்கு மேலும் களவு போனால் இந்த ஜன்மத்தில் கார் என்ற வார்த்தையை எடுக்கமாட்டேன் என்றாள். கோவிந்தராசு ஒப்புக்கொண்டார்.

ஜங்ஷன் ரோட்டில் கார் சாமான் கடை வைத்திருக்கும் ராஜ்மோகன் எல்லாவற்றையும் மாட்டிக்கொடுத்தான். ஸ்டீரிங்குக்கு ஒரு இரும்புப் பூட்டு. கையை வைத்தால் அலறுகிற சைரன். டேஷ்போர்டுக்கு உள்ளே, யார் கண்ணிலும் படாமல் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. வண்டி இருக்கும் இடத்தைச் சொல்வது அதுதான். கம்பெனிக்குப் போன் செய்தால் இங்கிருந்தே என்ஜினை நிறுத்தவும் செய்யலாம், சைரனைக் கத்த விடவும் செய்யலாம். வேகமாகப் போகிறபோது நிறுத்தாது, வண்டி மெதுவானதும்தான் நிறுத்தும், யாருக்கும் அடிபடாது என்று ராஜ்மோகன் சொன்னான். மதிவதனி நம்பரோடு கோவிந்தராசு நம்பரையும் அதில் பதிந்துகொடுத்தான்.

அன்றைக்கு மத்தியானம் கடைவீதியில் ஃபேன்ஸி ஸ்டோர் ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு ஒரு பெட்டி பொம்மையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். ஒரு நிமிஷ வேலைதானே என்று ஸ்டீரிங் பூட்டைப் போடவில்லை, போனையும் சார்ஜில் விட்டுவிட்டாள். சைரனை அவள் அணைத்துப் பல நாளாகிவிட்டது. தெருவில் ஆடு வந்து உரசினால்கூட அது ஊரைக் கூட்டியது, அண்டை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். கடைக்காரர் போன தடவை வந்த யானைகளின் நிறம் பற்றிக் குறை சொல்லத் தொடங்கி நிறுத்தாமல் பேசினார். வெளியே வந்தாள். கார் நின்ற இடத்தில் கொஞ்சம் வைக்கோல் கிடந்தது.

எல்லாக் காவலையும் வாங்கி வைத்துவிட்டு ஒன்றைக்கூடப் பயன்படுத்தாமல் விட்டோமே என்று மதிவதனிக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. அழக்கூட நேரமில்லாமல் ராஜ்மோகன் கடைக்கு ஓடினாள்.

ராஜ்மோகன் முதலில் போலீசுக்குச் சொன்னான். வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டார்கள். பிறகு தன் போனில் அவள் கணக்கைத் திறக்கப் பார்த்தான். ஓ.டி.பி. அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அது போய்ச் சேர்ந்தது காருக்குள் இருந்த போனுக்கு. கோவிந்தராசுவைக் கூப்பிட்டார்கள், அவர் உடம்பெல்லாம் வெள்ளை மண்ணோடு வந்து சேர்ந்தார். அவர் நம்பரிலிருந்து கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார்கள். பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்றார்கள். கடைசியில் ஒரு பையன் பேசினான். எந்த ஊரில் உட்கார்ந்து பேசினானோ, குரலில் கொங்கு வாடை அடித்தது. இதற்குள் கார் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

"வண்டி மங்களூர்ல இருக்குதுங்க மேடம். கர்நாடகா" என்றான் பையன்.

கடையில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு மணி நேரத்தில் ஏரோப்ளேனில் ஏற்றினால்கூடக் கார் அங்கே போகாது. பையனே அதை ஒப்புக்கொண்டான். கருவி பழுதாக இருக்கலாம், புகாராகப் பதிந்துகொள்கிறேன், ஆள் வந்து பார்ப்பார்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, லைனில் இருங்கள், புகார் எண் தருகிறேன் என்று மறுபடி பாட்டைப் போட்டான். ராஜ்மோகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. வேறு கருவி இலவசமாக மாட்டித் தருகிறேன் அக்கா என்றான். எந்தக் காரில் மாட்டுவது என்று அவனுக்கும் தெரியவில்லை.

கோவிந்தராசு திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் அங்கே அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு. நாளைக் காலையில் பட்டறையில் பழைய இடத்தில் போய் உட்காருவதை அவள் மனசு அப்போதே பார்த்துவிட்டது.

கொஞ்ச நேரம் கழித்துக் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டலாம் என்றார் கோவிந்தராசு. பக்கத்தில் மணவாளநல்லூரில் இருக்கிற சாமி. பொருள் களவு போனாலோ, யாராவது ஏமாற்றினாலோ, கோர்ட்டுக்கு எழுதுவதுபோல விவரமாக மனு எழுதி அங்கே கட்டிவிடுவார்கள், சாமி விசாரித்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் போலீசுக்குப் போகாதவன்கூட அங்கே போவான். கோவிந்தராசு மனதுக்குள்ளேயே மனுவை எழுத ஆரம்பித்துவிட்டார்.

"ஊரு பேரத் தெளிவா எழுதணும் மதி. வெறுமனே மங்களூருன்னு எழுதிட்டோம்னு வை, சாமி நம்ம மங்களூருக்குப் போயி தேடிக்கிட்டு நிக்கும். கர்நாடகான்னு சேத்து எழுதணும்."

மதிவதனி அவரையே பார்த்தாள். பிறகு அவர் கையிலிருந்த போனைப் பறித்தாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பையன் திரும்பி வந்ததும் புகார் எண்ணைச் சொல்ல வாயெடுத்தான், அவள் விடவில்லை.

"தம்பி, கர்நாடகான்னு அதுல எழுதியிருக்குதா, நீங்களா சொன்னீங்களா? அதுக்கு முன்னாடி எந்த ஊரு காட்டுச்சு?"

பையன் பார்த்துச் சொன்னான். கர்நாடகா என்று இல்லை, அது அவன் சேர்த்துக்கொண்டது. அதற்கு முன்னால் வேப்பூர். அதற்கும் முன்னால் விருத்தாசலம்.

கோவிந்தராசு தலையில் அடித்துக்கொண்டார். திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். அவருடைய சொந்த அக்கா நீலாவதியைக் கட்டிக்கொடுத்த ஊர். ஒவ்வொரு பொங்கலுக்கும் கரும்பும் மஞ்சள் கொத்தும் சுமந்துகொண்டு அவர் சீர் கொண்டுபோகிற ஊர். கர்நாடகா என்று போனில் ஒருத்தன் சொன்னதும் கூடப்பிறந்தவள் வாழும் ஊரைத் தன் வாயாலேயே சொல்லியும் மனுஷனுக்கு உறைக்கவில்லை.

கார் மங்களூர்த் தெருவில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கிறது என்றான் பையன். அன்றைக்கு அங்கே சந்தை, வழியெல்லாம் கூட்டமாக இருக்கும். ஊரைத் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. அங்கே நிறுத்தினால் திருடன் ஆற அமரப் பிரித்துக்கொண்டு போய்விடுவான். நிறுத்துவது என்றால் இப்போதே நிறுத்தவேண்டும். நின்ற காரை யாராவது பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

அந்தத் தெருவிலேயே நீலாவதி தையல்கடை வைத்திருக்கிறாள். ஆனால் அவளும் மதிவதனியும் பேசி ஒரு வருஷமாகிறது. காதுகுத்து ஒன்றில் மதிவதனி கார் ஓட்டிக்கொண்டு வந்து இறங்கியதைப் பார்த்து, பொண்டாட்டி வண்டி ஓட்ட புருஷன் பக்கத்தில் குந்திக்கொண்டு வருகிறான், என் தம்பி மானம் கப்பல் ஏறுகிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டாள். மதிவதனி சாப்பிடாமலே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

கோவிந்தராசு ராஜ்மோகன் போனை வாங்கி அக்கா நம்பரை அழுத்தினார். மதிவதனி கையை நீட்டினாள். தன் வண்டிக்குத் தானே கேட்பதுதான் முறை என்று அவளுக்குத் தோன்றியது.

"அண்ணி, நான் மதி பேசறேன். என் காரத் திருடிட்டாங்க. உங்க தெருவுலதான் போவுது. இப்ப நிறுத்தப்போறோம். நீங்கதான் பாத்துக்கணும்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம் நின்றது.

"வலது கதவு நசுங்கின வண்டிதான?"

"ஆமாங்க அண்ணி."

"போன வை."

கோபமா, சம்மதமா, ஒன்றும் புரியவில்லை. மதிவதனி இன்னொரு போனை வாயருகே கொண்டுபோய், நிறுத்துங்க தம்பி, சைரனையும் கத்த விடுங்க என்றாள். கோவிந்தராசு தன் நம்பர்தான், தன் சம்மதம்தான் என்று உறுதி சொன்னார். அனுப்பிவிட்டேன் என்றான் பையன்.

ராஜ்மோகன் போலீசுக்கு விவரம் சொல்லிக் கடையைச் சாத்திவிட்டுத் தன் காரிலேயே இருவரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினான். வழியெல்லாம் நீலாவதிக்குப் போன் அடித்தார்கள். எடுக்கவேயில்லை. வேப்பூரைத் தாண்டும்போது மதிவதனிக்கு வேறொரு பயம் வந்தது. கார் போனால் போகிறது, அண்ணியை அவன் ஏதாவது செய்துவிட்டால் என்ன பதில் சொல்வது என்று. கோவிந்தராசுவும் அதையேதான் நினைத்திருப்பார். மதிவதனி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மங்களூர்ச் சந்தைக் கூட்டத்தில் பாதி கத்தரிக்காயை விட்டுவிட்டுக் காரைச் சுற்றி நின்றது. கார் தெருவுக்குக் குறுக்கே கிடந்தது. கழுத்தில் அளவு டேப் தொங்க, டிரைவர் சீட்டில் நீலாவதி உட்கார்ந்திருந்தாள். ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

நடந்ததைக் கூட்டம் ஆளுக்கொரு பக்கமாகச் சொன்னது. கார் அலறிக்கொண்டே தையல்கடைக்குச் சற்று முன்னால் நின்றிருக்கிறது. சட்டை கசங்காத ஒரு இளைஞன் இறங்கிப் பானெட்டைத் திறந்தானாம். நீலாவதி போய் யாரப்பா நீ என்று கேட்டதற்கு, மெக்கானிக், டிரையல் பார்க்க எடுத்து வந்தேன், ஓனர் சார் ஊரில் இல்லை என்றானாம். சார் என்றதும் நீலாவதிக்குக் கோபம் ஏறிவிட்டது.

"ஏதுடா சாரு? அது எங்க வூட்டுப் பொம்பள வண்டிடா" என்று அவள் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்ததாம். அவன் கூட்டத்தில் நழுவிவிட்டான். ஆனால் எதிரில் இருந்த உரக்கடைக் கேமராவில் அவன் முகம் பளிச்சென்று விழுந்திருந்தது. அவன் திரும்பி வந்தால் வண்டியை எடுத்துவிடக்கூடாது என்று நீலாவதி ஏறி உட்கார்ந்தவள்தான்.

கொஞ்ச நேரத்தில் வந்த சப் இன்ஸ்பெக்டர் அவளைத்தான் முதலில் கண்டித்தார். ஸ்டீரிங்கில் இருந்த கைரேகையெல்லாம் அழிந்துபோயிருக்குமே என்றார்.

"ரேக போனா போவட்டுங்க. வண்டி போவல இல்ல" என்றாள் நீலாவதி.

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உரக்கடைக் காட்சியை வாங்கிக்கொண்டார், இந்த முகம் எங்களுக்கு முன்பே தெரிந்த முகம்தான் என்றார். ஓனர் யார் என்று கேட்டு, கோவிந்தராசுவிடம் பேனாவை நீட்டினார். கோவிந்தராசு அதை வாங்கி மதிவதனியிடம் கொடுத்தார். அவள் கையெழுத்துப் போட்டு முடித்ததும், ஆதிநாராயணன்கிட்ட நான் பேசிக்கிறேன், இனிமே அவன் நம்ம வூட்டுப் பக்கம் வரவாணாம் என்று மெதுவாகச் சொன்னார். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் நன்றாக அழுதாள்.

கூட்டம் கலைந்து கத்தரிக்காய்க்குத் திரும்பியது. ராஜ்மோகன் என்ஜினைக் கிளப்பச் சொல்லிக் கம்பெனிக்குப் போன் போட்டான், மறுபடி பாட்டுப் பாடியது. மதிவதனி கார் கதவருகே போய் நின்றாள்.

"எறங்குங்க அண்ணி. ரொம்ப நேரமா ஒக்காந்திருக்கீங்க. கால் மரத்திருக்கும்."

நீலாவதி இறங்கவில்லை. ஸ்டீரிங்கை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிந்த தெருவைப் பார்த்தாள். தினமும் நடந்துபோகிற அவள் தெருதான்.

"காதுகுத்துல அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இங்க குந்தினதுலேர்ந்து எந்திரிக்க மனசே வரல மதி. இத என்னால கத்துக்க முடியுமா?" என்று கேட்டாள்.

மதிவதனி சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த தன் போனை எடுத்துக்கொண்டு அவளுக்கு அருகில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல கண்ணாடியச் சரி பண்ணிக்கணும் அண்ணி" என்றாள். "பின்னாடி யாரு வராங்கன்னு தெரியணும்."