இருதயராஜின் நாற்காலிக்கு அடியில் கரை

பயிற்சி நிலையத்தில் காலையிலேயே கடற்கரையை மேற்கே தள்ளிவைத்துவிட்டார்கள். சங்கரபாண்டியன் வகுப்புக்குள் நுழைந்தபோது பயிற்சிக்கு வந்தவர்கள் திரையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

வானிலை சொல்ல வருகிறவர்களுக்குச் செயற்கைக்கோள் படம் பார்க்கக் கற்றுக்கொடுப்பது அவர் உத்தியோகம். தலை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து அதே வேலை. படத்தில் மேகம் தானாக விழும். கரைக்கோடு கணினி போடுவது. சில நாள் அது கொஞ்சம் விலகி உட்காரும். அப்போது அதைப் பிடித்துச் சரியான இடத்தில் உட்காரவைக்க வேண்டும். "மேகத்தைத் தொடாதே, கரையை நகர்த்து" என்பது அவருடைய முதல் பாடம்.

இன்று கணினி கரையைச் சரியாகத்தான் போட்டிருந்தது. அதைத்தான் தள்ளிவைத்திருந்தார்கள். முள்ளிக்கரையைப் பார்த்துப் புயல் வந்துகொண்டிருந்தது. அங்கே அவர் மனைவி மரகதவல்லி இருந்தாள். கடலில் படகுகள் இருந்தன. எச்சரிக்கை போகவில்லை.

"கரையை யாரு தொட்டது?"

"டைரக்டர் சார்," என்றாள் முன்வரிசைப் பெண். "ஒரே இழுப்பு. புயல் இப்ப ஊருக்கு ரொம்ப தூரம்."

செல்போன் அடித்தது. மரகதவல்லிதான்.

"ஏங்க, நம்ம வீடு நகருது."

"எங்க?"

"மேற்கால. இப்பதான் ரயில்வே கேட்டைத் தாண்டுனோம். மூடிக் கெடந்துச்சு. ஊரே நின்னு வந்துச்சு."

"கடலு?"

"பின்னாலயே வருது."

சங்கரபாண்டியனுக்குக் காது சிவந்துவிட்டது. டைரக்டரைப் பார்க்கக் கிளம்பினார். அந்த அறைக்குப் போகும் வராந்தா, கோபமாகப் போகிறவர்களுக்கு நீளும். இன்று நடுவில் ஒரு டீக்கடை வைக்கிற அளவுக்கு நீண்டது. டீக்கடையும் வைத்திருந்தார்கள். அவர் டீ குடிக்கவில்லை.

டைரக்டர் இருதயராஜ் அவருடைய பழைய மாணவன். கடைசி பெஞ்சு.

"ஏல, புயல் வருது. எச்சரிக்கை எங்க?"

"கரைக்கும் புயலுக்கும் நல்ல தூரம் இருக்கே சார்."

"நீ தள்ளுனா ஏன் இருக்காது?"

"நீங்க சொல்லிக்கொடுத்ததுதான் சார். மேகத்தைத் தொடவே இல்ல." இரண்டு கையையும் விரித்துக் காட்டினான். சுத்தமாக இருந்தன. "நாளைக்கு முள்ளிக்கரையில மந்திரி மீன் ஏலக்கூடம் திறக்காரு. பந்தல் போட்டாச்சு. பந்தல் போட்ட ஊருக்குப் புயல் வரப்படாது."

"வந்துக்கிட்டுதான இருக்கு."

இருதயராஜ் திரையைப் பார்த்தான். கிட்டே வந்திருந்தது. ஒரு விரலால் கரையை இன்னும் மேற்கே தள்ளினான்.

செல்போன் அடித்தது.

"ஏங்க, குளிருது. மலையேறிட்டோம். வாசல்ல தேயிலை நிக்குது. படகெல்லாம் தோட்டத்துல தட்டி நிக்குது. பந்தக்காரன் பாவம், கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டே வாரான்."

"கடலு?"

"மூச்சு வாங்கிக்கிட்டு அதுவும் ஏறுது. புயலையும் கூட்டிக்கிட்டு வருது."

"எச்சரிக்கை எழுதுல," என்றார் சங்கரபாண்டியன். அவர் குரலுக்கு ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

"எழுதிட்டேன் சார். ஆங்காங்கே லேசான தூறல்."

சங்கரபாண்டியன் நாற்காலியை அவனோடு சேர்த்து ஒரு மூலைக்குத் தள்ளினார். நின்றுகொண்டே கணினியைப் பிடித்தார்.

ஊரை ஒரு இடத்தில் விட்டுவிட்டுக் கரையை மட்டும் தனியே பிரித்து இழுக்க ஒரு வழி இருக்கிறது. அந்தப் பாடம் நடந்த அன்று இருதயராஜ் விடுப்பு. அத்தை செத்துப்போயிருந்தாள். அந்த அத்தை அடிக்கடி சாகிறவள்.

முள்ளிக்கரையை மலையிலேயே விட்டார். வீடு, படகு, பந்தல் எல்லாவற்றையும் விட்டார். கரையை மட்டும் பிடித்து, மலையிலிருந்து இறக்கி, நெடுஞ்சாலையைத் தாண்டி இழுத்துவந்தார். மூலையில் கிடந்த நாற்காலிக்கு அடியில் கொண்டுவந்து வைத்தார்.

சுவரடியிலிருந்து தண்ணீர் கசிந்தது. உப்புத் தண்ணீர். ஒரு நண்டு கோப்புகளின்மேல் ஏறி உட்கார்ந்தது. இருதயராஜ் கால்களைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டான்.

"சார், இது தப்பு. நம்ம ஆபீசு கடற்கரையில இல்ல."

"மேகத்தைத் தொட்டேனால?"

"இல்ல சார்."

"அப்பம் படத்தைப் பாத்துச் சொல்லு."

புயலின் கண் நேராக நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தது. இருதயராஜ் உத்தியோகத்துக்கு வந்தபிறகு முதல்முறையாக மேகத்தைப் பார்த்தான். விசைப்பலகையைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எழுதினான். மிகக் கடும் புயல். கரையில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும்.

"இதத்தான காலையிலேருந்து கேக்கேன்," என்றார் சங்கரபாண்டியன்.

செல்போன் அடித்தது.

"ஏங்க, கடல் எங்கயோ எறங்கிப் போயிட்டு. வெயிலடிக்குது. துணி காயப்போட்டுட்டேன். எப்ப வாரீக?"

"வகுப்பு முடியட்டும்."

காற்று கூரையில் பாதியைக் கொண்டுபோனது. இருதயராஜ் நாற்காலியின்மேல் ஏறி நின்றான். தண்ணீரும் ஏறியது.

"சார், விடுப்பு வேணும். அத்தை செத்துட்டா."

சங்கரபாண்டியன் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டார். தண்ணீரில் நடந்துபோய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார்.

"உக்காரு," என்றார். "நீ வராத அன்னைக்கு நடந்த பாடத்தை இப்ப நடத்துதேன்."