ஒன்பதாவது கட்டம்

ஜட்ஜம்மா கேள்வி கேட்க மாட்டாள். நாம் கேட்டால் எதற்கும் பதில் வரும். முப்பது வரை எண்ணுவாள், நிறங்களைச் சொல்வாள், யாருக்கு மூக்கு ஒழுகுகிறது என்றுகூடச் சொல்வாள். தானாக ஒரு கேள்வி? மூச்! தீர்ப்பு எழுதப் போகிறவள்போல் மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஐந்து வயதுக்காரிக்கு எங்கள் மையத்து ஆயா வைத்த பெயர்தான் அது.

கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குத் தயார்செய்ய அரசாங்கம் நடத்தும் மையம் இது. நான் டீச்சர். வருடக் கடைசியில் பிள்ளைக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒன்பதாவது கட்டம்: 'தானாகக் கேள்வி கேட்கிறாரா? வாரத்துக்கு எத்தனை?' பூஜ்யம் போட்டால் ஒன்றாம் வகுப்பு கிடையாது. வயது தாண்டிவிட்டதால் இங்கேயும் இடம் கிடையாது. இந்தப் படிவத்தைத் தயாரித்த புண்ணியவான் என் கையில் கிடைத்தால் நானே நாலு கேள்வி கேட்பேன். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும்.

திங்கட்கிழமை, காலுக்கு ஒரு நிறமாகச் செருப்பு போட்டுக்கொண்டு போனேன். பதினான்கு பிள்ளைகள் "ஏன் டீச்சர், ஏன் டீச்சர்" என்று பிய்த்து எடுத்துவிட்டார்கள். ஜட்ஜம்மா குனிந்து இரண்டு காலையும் பார்த்தாள், போய் உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சுவர்க் கடிகாரத்தைத் தலைகீழாக மாட்டினேன். முதல் கேள்வி ஆயாவிடமிருந்து வந்தது.

"டீச்சர், உடம்புக்கு ஏதும் முடியலையா?"

புதன்கிழமை ஒரு தகர டப்பாவுக்குள் அலாரம் கடிகாரத்தை வைத்து மூடி, மேஜைமேல் வைத்தேன். டிக் டிக் என்று சத்தம். ஜட்ஜம்மா கிட்டே வந்தாள். காதை வைத்துக் கேட்டாள். கண் விரிந்தது, உதடு பிரிந்தது. உடனே தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கேள்வி இல்லாத பிள்ளை இல்லை இவள். கேள்வியை விழுங்குகிற பிள்ளை. யார் பழக்கிவிட்டார்கள்?

சாயங்காலம் அவள் அம்மா வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் ஒரு பெரிய வீட்டில் சமையலும் துப்புரவும் பார்க்கிறவர்.

"இவ ரொம்ப நல்ல பொண்ணு டீச்சர். இங்க வர்றதுக்கு முன்னாடி மூணு வருஷம் அந்த வீட்டுச் சமையல் மேடைக்குக் கீழேயேதான் உக்காந்திருந்தா. சத்தமே வராது. ஒரு தடவதான் சொன்னேன், கப்புன்னு பிடிச்சுக்கிட்டா."

"என்ன சொன்னீங்க?"

"அது... சும்மா, ஏதோ சொன்னேன்." அவர் குனிந்து மகளின் செருப்பு வாரை மாட்டத் தொடங்கினார். "ஸ்கூல்ல எடுத்துப்பாங்க இல்ல டீச்சர்? இல்லன்னா மறுபடி அங்கதான் உக்கார வைக்கணும். இப்ப வளந்துட்டா, தல இடிக்கும்."

அன்று ராத்திரி அவள் படிவத்தில் ஒன்பதாவது கட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் நிரப்பி வைத்தேன்.

வியாழக்கிழமை எந்த வித்தையும் காட்டவில்லை. ஜட்ஜம்மா டப்பாவை எடுத்துக்கொண்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் முனகினாலும் பரவாயில்லை என்று நானும் உள்ளே நுழைந்தேன்.

"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். நீயும் கேக்க வேணாம். சும்மா உக்காந்திருப்போம்."

இருவரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வெளியே ஆயா யாரையோ அதட்டினார். வெகுநேரம் கழித்து ஜட்ஜம்மா என் காதோரம் வந்தாள்.

"நான் ஏதாவது கேட்டா அம்மாவுக்கு வேலை போயிடுமா?"

கட்டம் நிரம்பிவிட்டது என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

"போகாதுடா கண்ணு."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்த வீட்டு வாசலைக்கூட நான் பார்த்ததில்லை. இவளிடம் பொய் சொல்ல வரவில்லை.

"எனக்குத் தெரியாது. அந்த வீட்டு அம்மாவைக் கேட்டாதான் தெரியும்."

"யாரு கேப்பாங்க?"

ஒன்பதாவது கட்டத்தில் 'மூன்று' என்று எழுதி அனுப்பினேன். அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாவது கேள்விக்கு மட்டும் நான் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை.