அப்ளிகேஷன் எங்கே இருக்க வேண்டும்?

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது, மூன்றாவதாகப் பிரவுசரைக் கண்டது என்று கருவேலங்குடி விவசாயிகள் சங்கத்தில் சேதுராமன் முழங்கினார். கரண்ட் போனது.

இருட்டில் யுபிஎஸ் கீச்சிட, பூமிநாதன் சிரித்தார். சங்கத்துக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர் அவர். அதைத் தூக்கிவிட்டு எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றச் சென்னையிலிருந்து வந்தவர் சேதுராமன்.

"பிரவுசர்ல வச்சா தொண்டியில இருந்துகூடப் பார்க்கலாம்" என்றார் சேதுராமன்.

"தொண்டியில இருந்து நம்ம மிளகாய எவன்யா பார்க்கப் போறான்?"

வாசலில் சோணையம்மாள் மனுவோடு நின்றாள். அந்த வருட மழையில் அவளுடைய மிளகாய்ச் செடி மொத்தமும் அழுகிவிட்டது. நிவாரணம் வந்தால்தான் அடுத்த விதைப்பு. கம்ப்யூட்டரில் பதிய அன்றுதான் கடைசி நாள்.

கரண்ட் வந்தது. பதிவு நடக்கவில்லை, சண்டைதான் நடந்தது. அப்ளிகேஷன் பிரவுசரில்தான் இருக்க வேண்டும் என்று சேதுராமன் மேசையைத் தட்டினார். சோணையம்மாளுக்கு அப்ளிகேஷன் என்றால் கையிலிருந்த தாள். பிரவுசர் என்றால் பஸ் ஸ்டாண்டில் சுஐபு வைத்திருந்த பிரவுசிங் சென்டர். வெயிலில் நடந்து போய்த் தாளை நீட்டினாள். இங்கன ரயில் டிக்கெட்டுதான் எடுப்போம், சங்கத்துலயே குடுங்காத்தா என்று அவன் திருப்பி அனுப்பினான்.

அவள் வந்து சேர்ந்தபோது பூமிநாதன் கை ஓங்கியிருந்தது.

"அப்ளிகேஷன் டெஸ்க்டாப்புலதான் இருக்கணும். அம்புட்டுத்தான்."

"டெஸ்க்கு மேலயா தம்பி?"

"ஆமாத்தா, டெஸ்க்டாப்தான்" என்றார் அவர், திரும்பாமலே.

சோணையம்மாள் தாளை மேசைமேல் வைத்தாள். பறக்காமலிருக்க ஸ்டேப்ளரை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டு, நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

சாயங்காலம் டீயும் வடையும் வந்தன. இரண்டிலும் இருக்கலாம் என்று சமரசமானது. கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டுப் போனார்கள்.

பிறகு வந்த நிவாரணப் பட்டியலில் சோணையம்மாள் பெயர் இல்லை. கேட்க வந்தாள்.

"டெஸ்க்கு மேல வச்சுட்டுத்தான தம்பி போனேன்."

சிஸ்டத்தில் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார் பூமிநாதன். வரவில்லை என்றார் சேதுராமனும். இருவரும் வாதமில்லாமல் ஒத்துப்போனது அதில்தான்.

சமரசமான அன்று சாயங்காலம் இருவரும் வடையின் எண்ணெயை ஒற்றியெடுத்தது அவளுடைய தாளில்.