இரண்டு குமிழ் கன்ட்ரோலர்

தம்பி டெஸ்மண்ட் செப்டம்பரில் வருவதாக எழுதியிருந்தான். நியூசிலாந்துக்குப் போன முப்பத்தெட்டு வருஷத்தில் அவன் இப்படி எழுதியது இது நான்காவது முறை. முதல் மூன்று முறையும் ஏதோ ஒன்று குறுக்கே வந்தது. இருந்தும், சிறு வயதில் நாங்கள் ஓட்டிய குட்டி மின்சார ரயிலைப் பின்னறையில் மறுபடி ஓட வைக்கும் வேலையில் இறங்கினேன். அவனுடைய பச்சை இன்ஜின், என்னுடைய கறுப்பு இன்ஜின். இரண்டுக்கும் தனித்தனித் தண்டவாளம்.

ரயிலின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பழைய கன்ட்ரோலரின் கம்பியில் ரப்பர் வெடித்திருந்தது. எங்கள் ஊர் ஸ்கிப்டனின் மாதிரி ரயில் சங்கத்து நாரிஸ் அதைப் பார்ப்பதற்காகக் கையில் வாங்கியவன், திருப்பித் தரவில்லை.

"இத பிளக்ல சொருகினா, தம்பி உன் சாவுக்குத்தான் வருவான்," என்றான்.

சங்கம் சனிக்கிழமை காலையில் தேவாலயக் கூடத்தில் கூடும். தேநீர் மேசையை ஒட்டிச் சோதனைத் தண்டவாளம். அங்கிருந்த மூன்று கன்ட்ரோலர்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். முதலாவது கைக்கு அடக்கமான புது மாடல். கறுப்பு இன்ஜின் அழகாக ஓடியது. நோட்டில் 'சரி' என்று குறித்துக்கொண்டேன்.

"வெறும் இன்ஜின ஓட்டிட்டு சரின்னு எழுதறியே. பெட்டிய மாட்டுய்யா," என்றான் நாரிஸ்.

ஐந்து பெட்டி மாட்டினேன். இரண்டாவது சுற்றில் கன்ட்ரோலர் தானே அணைந்துவிட்டது. பழைய மோட்டாரில் காந்தம் வலுவிழந்திருக்கும். அதனால் மின்சாரம் அதிகம் இழுக்கும். அடுத்தது, மோட்டாரைக் கவனித்துத் தானாகவே வேகத்தைச் சரிசெய்யும் வகை. அதில் என் இன்ஜின் உறுமி உறுமித் துள்ளியது. மூன்றாவது கனத்த இரும்புப் பெட்டி, முழுசாக ஒரு ஆம்பியர் தரும். குமிழைத் திருகியதும் தூக்கம் கலைந்தவன் போல இன்ஜின் மெள்ள நகர்ந்தது, பெட்டிகளோடு.

அந்த வகை ஒற்றைக் குமிழிலும் வரும், இரட்டையிலும் வரும்; ஒரு குமிழுக்கு ஒரு தண்டவாளம்.

"உனக்கு ஒத்தை போதும். ரெண்டு தண்டவாளத்துக்கும் அதுலேர்ந்தே கம்பி இழுத்துக்க."

"ரெண்டு இன்ஜினும் ஒரே வேகத்துல போகாது நாரிஸ். ஒண்ணு முந்திக்கும்."

"அப்ப ஒண்ண நிறுத்திட்டு ஒண்ண ஓட்டு. ஆளு ஒருத்தன்தான?"

"தம்பி வரான்."

"போன தடவையும் அவனுக்குன்னு புதுக் கட்டில் வாங்கின. அதுல இப்ப பூனை படுத்திருக்கு."

நான் இரட்டைக்கே ஆர்டர் சொல்லிவிட்டு வந்தேன். ஒற்றை வாங்கினால் அவன் வரமாட்டான் என்று நானே முடிவு செய்ததுபோல் ஆகிவிடும்.

ஆகஸ்ட் கடைசியில், காலை உணவு நேரத்தில் தொலைபேசி அடித்தது.

"அண்ணே, டாக்டர் பிளேன் ஏறக் கூடாதுங்கறார்."

"எத்தனை மாசத்துக்கு?"

"இனிமேயே கூடாதாம். இதயம் தாங்காதுங்கறார்."

கன்ட்ரோலர் வாங்கிவிட்டேன் என்றேன்.

"ஒத்தையா, ரெட்டையா?"

"ரெட்டை."

"என்னோடத ஓட்டு. கேக்கறேன்," என்றான்.

பின்னறைக்குப் போய், இடது கையால் தொலைபேசியைத் தண்டவாளத்தோரம் பிடித்தேன். மிச்சமிருந்தது ஒரு கை. என் கறுப்பு இன்ஜினை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டு, வலது பக்கத்துக் குமிழைத் திருகினேன். பச்சை இன்ஜின் கிளம்பியது.

"மெதுவா. எங்க போற இவ்வளவு அவசரமா?"

"உன் இன்ஜின்டா. எனக்குப் பழக்கமில்ல."

"வளைவு வருது, குறை. இன்னும் கொஞ்சம். ம், இப்ப கூட்டு."

சத்தத்தை வைத்தே சொன்னான், ஓரிடத்திலும் தவறவில்லை. ஏழு சுற்று ஓட்டினேன். தேநீர் ஆறிப்போயிருக்கும்.

"ஸ்டேஷன் வந்தாச்சு, நிறுத்து," என்றான். நிறுத்தினேன்.

"எங்க நிக்குது?"

"ஸ்டேஷன் தாண்டி ஒரு சாண்."

"அப்ப பின்னால கொண்டாண்ணே. அவசரமில்ல, நான் லைன்லயே இருக்கேன்."