அம்மாவின் பெரிய படம்

"உங்க அம்மா சங்கக் கூட்டத்துல பேசுவாங்களா?"

மரிசெல் அக்கா என்னிடம் இதைக் கேட்டபோது நான் நக அலங்காரக் கடையில் சாயப் புட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா பிலிப்பைன்ஸ்காரர், நர்ஸ். ஆஸ்பத்திரியில் இரவு வேலையை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். கண்ணுக்குக் கீழே முகமூடியின் தடம் இன்னும் இருந்தது. பதில் வருவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிப்போனார்.

கொரோனா வந்த அந்த வருஷம் லண்டனில், வியட்நாமிலிருந்து வந்த எங்களைப் போன்ற முகங்களைக் கண்டால் துப்புவதும் தள்ளுவதும் அதிகமாகிவிட்டது. அதற்காக மரிசெல் அக்காவும் கின்-ஹோ என்ற இளைஞனும் ஒரு சங்கம் ஆரம்பித்திருந்தார்கள். சீனர், வியட்நாமியர், தாய்லாந்துக்காரர், பிலிப்பினோ எல்லோருக்கும் சேர்த்து ஒரே சங்கம். அதற்குப் பெயர் வைப்பதற்குள்ளேயே பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அம்மாவை பஸ்ஸில் ஒருவன் "சீனக் கிருமியே, இறங்கு" என்று தள்ளிவிட்டதில் வலது மணிக்கட்டு முறிந்தது. நகங்களுக்குச் சாயம் பூசுகிற கை அது. கட்டைப் பிரித்த பிறகும் தூரிகை பிடிக்க முடியவில்லை. கடையில் அம்மாவின் வேலையையும் நான்தான் செய்தேன். வகுப்பில் எழுந்து நின்று பேசப் பயந்தே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். கடையில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பார்கள். அதனால் பிழைத்தேன்.

சங்கம் என்றதும், கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்புதான் வந்தது. "சீனாக்காரன் ஆயிரம் வருஷம் எங்களை ஆண்டான். இப்ப கின்-ஹோ எனக்குத் தம்பியாம்!"

"நான் ஹாங்காங், ஆன்ட்டி. சீனாக்காரங்க என்னையும் சேத்துத்தான் ஆள்றாங்க" என்றான் அக்காவுடன் வந்திருந்த கின்-ஹோ. அம்மா இன்னும் பலமாகச் சிரித்தாள். அந்த நொடியில் அவன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

தூக்கத்திலிருந்து விழித்த மரிசெல் அக்கா, "அடிக்கறவன் என்ன, பாஸ்போர்ட்டை வாங்கிப் பாத்துட்டா அடிக்கறான்?" என்றார். "நாங்க பேசிப் பேசிச் சலிச்சுட்டோம். நகராட்சி கவுன்சில்காரங்க வராங்க, தலையாட்டறாங்க, போயிடறாங்க. பட்டவங்க ஒருத்தர் வாயைத் திறந்தாத்தான் உண்டு."



இரண்டு நாள் கழித்துக் காலையில் அம்மா வழக்கம்போல அலமாரி மேல் இருக்கும், இறந்துபோன அப்பாவின் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினாள். படத்துக்கு முன்னால் இருந்த பழத்தட்டை இடது கையால் நகர்த்தி நேராக்கினாள். அது நேராக இருந்தால்தான் அவளுக்கு டீ இறங்கும். தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவன் தள்றதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொன்னேன்டி. நான் சீனா இல்ல, வியட்நாம்னு."

"சரி, அதுக்கென்ன?"

"பின் சீட்டுல ஒரு சீனப் பாட்டி உக்காந்திருந்தா. நான் சொன்னதும் அவன் அவளைத் திரும்பிப் பாத்தான். நானே கையைக் காட்டி விட்ட மாதிரி ஆயிடுச்சு. அப்புறம் என்ன நெனச்சானோ, என்னையே தள்ளிட்டான். நல்லவேளை."

"நல்லவேளையா? கையை ஒடைச்சிருக்கான்!"

"அவளைத் தள்ளியிருந்தா செத்தே போயிருப்பா." அம்மா என் பக்கம் திரும்பினாள். "இதை அங்க சொல்லணும். கை ஒடஞ்ச கதை எல்லார்கிட்டயும் இருக்கு. இதை யாரும் சொல்ல மாட்டாங்க. நான் நம்ம பேச்சுல சொல்றேன். நீ பக்கத்துல நின்னு இங்கிலீஷ்ல சொல்லு."

சரி என்றேன்.

கூட்டத்தன்று அம்மா நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஏற மனமில்லை, நடந்தே போனோம். வழியெல்லாம் உதடு அசைந்துகொண்டே வந்தது.

மண்டபத்தில் முப்பது பேர் இருக்கலாம். கவுன்சில்காரர் வந்துவிட்டிருந்தார். மேடையில் மேசை மேல் அம்மாவின் படம் இருந்தது. அன்று கடையில் எடுத்த அதே சிரிப்பு. கலர் மை தீர்ந்துபோனதால் கின்-ஹோ கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கியிருந்தான். படம் நிற்க வேண்டுமே என்று யாரிடமோ ஒரு கறுப்புச் சட்டம் வாங்கி அதில் போட்டிருந்தான். அடிபட்ட எல்லோருக்காகவும் என்று மரிசெல் அக்கா இரண்டு பக்கமும் மெழுகுவத்தி ஏற்றியிருந்தார். யாரோ ஒரு சீன உணவுக்கடைக்காரர் வெள்ளைச் செவ்வந்தி அனுப்பியிருந்தார். கூட்டம் முடிந்து சாப்பிடுவதற்காக வைத்த ஆரஞ்சுத் தட்டும் அங்கேயே இருந்தது.

"ஆன்ட்டி, எப்படி இருக்கு? எல்லாரும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்தோம்" என்றான் கின்-ஹோ, முகமெல்லாம் சிரிப்பாக.

அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு தாய்லாந்துச் சமையல்காரர்தான் முதலில் கவனித்தார். "ஐயோ, யார்ரா இப்படி வெச்சது? அந்தம்மா உயிரோட நிக்கறாங்கடா!"

கின்-ஹோ மேசையைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். "செத்துப்போன எங்க தாத்தா படம்கூட வீட்ல இதே மாதிரிதான்..." பாய்ந்து போய் மெழுகுவத்திகளை ஊதி அணைத்தான். புகை அம்மாவின் முகத்துக்கு நேரே எழுந்தது. மேசை மேல் இருந்த முகத்துக்கு.

"என்ன? என்னாச்சு? சொல்லுங்களேன்" என்று மரிசெல் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். அவருக்கு விளங்கவில்லை. கவுன்சில்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா, அவங்க வேணும்னு வைக்கல. நீ பேசு. நான் சொல்றேன்" என்றேன். என் குரல் அத்தனை பேர் முன்னால் ஒலித்தது எனக்கே வியப்பாக இருந்தது.

அம்மா மேசையருகே போனாள். பேசத்தான் போகிறாள் என்று நினைத்து நானும் பக்கத்தில் போய் நின்றேன். கவுன்சில்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆரஞ்சுத் தட்டு சற்றுக் கோணலாக இருந்தது. அம்மாவின் இடது கை தானாக நீண்டு அதை நேராக்கியது. நேராக்கிய பிறகுதான் தன் கை செய்ததை அவள் பார்த்தாள். சுட்டதுபோலக் கையை இழுத்துக்கொண்டாள்.

நீலக் கோட்டின் பொத்தான்களை ஒரு கையாலேயே, கழுத்துவரை ஒவ்வொன்றாகப் போட்டாள். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வெளியே போனாள்.